நூற்றெண்பது டிகிரி

ரெஹானா கீலை மட்டும் பதினோரு தடவை மாற்றினாள்.
மடக்கினால் கைக்குட்டை அளவு.
விரித்துக் கூடாரம்போல் நிறுத்தினால்
இந்தப் பக்கம் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு திரை,
இரண்டிலும் ஒரே எண்.
'ஒருவர் கையில் இருப்பதல்ல இது,
இருவருக்கு நடுவில் இருப்பது'
என்று விளக்கத்தாளில் எழுதினேன்.
எழுதியபோது எனக்கே பிடித்திருந்தது.

வாழப்பாடி தாண்டி ஒரு ஜவ்வரிசி மில்.
காய்கிற மாவின் புளித்த வாடை
சட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.
தண்ணீர்த் தொட்டியில் கிழங்குக் கூடையை முக்கி
பாயின்ட் பார்க்கிறார் வையாபுரி.
ஒரு பாயின்ட் இறங்கினால்
லோடுக்கு ஒரு டேர்ம் ஃபீஸ் போகும் செங்கோடனுக்கு.

மேசைமேல் கூடாரத்தை நிறுத்தினோம்.
இங்கே இருபத்தாறு.
அங்கேயும் இருபத்தாறு.
ரெஹானாவைப் பார்த்துப் புருவம் உயர்த்தினேன்.

செங்கோடன் தன் திரையை ஒரு கணம் பார்த்தார்.
பிறகு எழுந்து
மேசையைச் சுற்றிக்கொண்டு போய்
வையாபுரியின் தோளுக்குப் பின்னால் நின்று
அவர் திரையைப் பார்த்தார்.
"உங்க பக்கம் இருக்கறதேதாங்க இங்கயும்" என்றேன்.
"அதேதானான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

நாலு மாதமாக நாங்கள் கட்டியது
ஒரு சுவர்.
இரண்டு பக்கமும் வெளிச்சமான
நல்ல சுவர்.

மத்தியானம் அதை மேசையில் படுக்கவைத்தோம்,
முழுக்க விரித்து,
பரோட்டாக் கடையில் இரண்டு பேர்
ஒரே இலையில் சாப்பிடுகிற மாதிரி.
இப்போது அவரவர் எண் அவரவருக்கு நேர்,
அடுத்தவர் எண் தலைகீழ்.
தலைகீழான இருபத்தாறு தொண்ணூற்றிரண்டு.
"என் கெழங்குக்குத் தொண்ணூத்திரண்டு பாயின்ட்டா,
இதையே பில்லுல போடுங்க" என்றார் செங்கோடன்.
வையாபுரி சிரித்தார்.
அவர் சிரித்து அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லையாம்.
சோதனைப் படிவத்தில்
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அப்போதுதான் தங்காயி வந்தாள்.
தலையில் சும்மாடு, கையில் வெறுங்கூடை.
இறக்குகூலி டன் கணக்கு;
எடை அவளுக்கும் தெரியவேண்டும்,
அவளோடு இறக்கிய நாலு பேருக்கும்.
மேசையின் குறுக்கே நின்றாள்,
கீல் முடிகிற இடத்தில்.
எங்கள் வரைபடத்தில்
அங்கே யாரும் நிற்கவில்லை.

"உங்க பக்கம் திருப்பட்டுமாக்கா?"

"அவங்களுக்குக் கோணிக்குமே, வேண்டாங்க.
பன்னெண்டு வருசமா கணக்கு நோட்ட
இங்க நின்னுதான் படிக்கறேன்.
படுத்துக் கெடந்தாலும் ஏழு ஏழுதானுங்களே."

சொல்லிவிட்டுக் கழுத்தை இடப்பக்கம் சாய்த்தாள்.
மூவாயிரத்து எழுநூற்று நாற்பது.
உதடு அசைய ஐந்தால் வகுத்தாள்.
எங்கள் செயலி கணக்கை முடிக்குமுன்
அவள் போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் பேசவில்லை.
ஐந்து ரோட்டில் இறங்கும்போது ரெஹானா மட்டும்
கழுத்தை இடப்பக்கம் சாய்த்து
எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி அறையில் விளக்கை அணைத்துவிட்டு
அதை விரித்துப் படுக்கவைத்து
குறுக்கே போய் நின்றேன்.
இரண்டு எண்களையும் ஓரத்துக்கு நகர்த்தி
நடுவில் இன்னொன்று, பக்கவாட்டில்,
எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில்
பெரிதாகப் போட்டுப் பார்த்தேன்.
பாதி எழுத்து மேல்திரையில்,
பாதி கீழ்த்திரையில்.
மடிப்புக்கு வெளிச்சம் கிடையாது.
எண்ணின் இடுப்பு அங்கே காணாமல் போயிற்று.
எட்டா, இரண்டு பூஜ்யமா?

மூடித் திறந்தேன்.
கீலுக்குள் மாவு நறநறத்தது.

ஒன்றேகாலுக்கு ரெஹானாவிடமிருந்து செய்தி:
தூங்கிட்டியா
பன்னெண்டாவது கீல் ஒண்ணு
போட்டுப் பாக்கலாமா